இந்தப் படத்தில் வரும் கிணறு கற்பனையே

ஏழு வருடம் விடாமல் மனு எழுதினால் ஒரு மனிதனுக்கு என்ன கிடைக்கும்? பட்டப்பெயர் கிடைக்கும். மனுக்காரர் என்று சொன்னால் போதும், அந்த வட்டாரத்தில் யாரானாலும் மேட்டுக்குக் கீழே இருக்கும் மூன்று ஏக்கர் தோட்டத்துக்கு வழி காட்டிவிடுவார்கள். நீர்த்தூய்மை அலுவலகத்துக்கு மட்டும் அந்த வழி தெரியாமல் இருந்தது.

தோட்டத்தின் நடுவில் ஒரு கிணறு. மேட்டின் மேல் ஒரு பெயிண்ட் ஆலை. ஆலையிலிருந்து கீழே இறங்கும் ஒரு குழாய். விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்ல மனுக்காரர் நாற்பத்து மூன்று மனு எழுதிவிட்டார்.

ஆலையில் இந்த வாரம் என்ன நிறம் கலக்குகிறார்களோ அது அடுத்த வாரம் கிணற்றில் வந்து நிற்கும். நகரத்து ஜனங்கள் சுவருக்கு என்ன நிறம் பூசப்போகிறார்கள் என்பது கடைக்காரர்களுக்கு முன்பே மனுக்காரருக்குத் தெரிந்துவிடும். மஞ்சள் ஓய்ந்து, பச்சை ஓய்ந்து, கடைசி இரண்டு வருடமாக ஊதா ஓடிக்கொண்டிருந்தது. தக்காளிச் செடி முழங்கால் உயரம் வருவதற்குள் கருகிவிடும். தொட்டித் தண்ணீரில் வாய் வைத்த கன்றுக்குட்டி நாலு நாள் காலை உதைத்துக்கொண்டு கிடந்து செத்தது. நைலான் கயிறு இற்றுப்போனது. இரும்பு வாளிக்கு அடி கழன்று விழுந்தது. இதெல்லாம் மனுக்காரருக்குக் கோபம். அவருடைய வீட்டுக்காரி தினமும் இரண்டு வேளை, கைவண்டியில் கேன்களை அடுக்கி, இரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போய்க் குடிதண்ணீர் பிடித்து வந்தாள். அது மட்டும் அவருக்கு அவமானம். வண்டிச் சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டு வரும்போது அவர் ஏதாவது வேலை இருப்பதுபோல் வேறு பக்கம் பார்ப்பார்.

நீர்த்தூய்மை அலுவலகத்தின் சட்டம் தெளிவானது. ஒரு மனுவை ஏற்றுக்கொண்டால் ஆலையின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். தள்ளினால் காரணம் எழுத வேண்டும். இரண்டுமே வேலை. அதனால் அலுவலகம் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தது: ‘பரிசீலனையில் உள்ளது.’ அங்கே பரிசீலனையில் இல்லாத பொருள் கடிகாரம் ஒன்றுதான், அதுவும் ஓடவில்லை.

ஒருமுறை அலுவலர் இரக்கப்பட்டு, அலுவலகத்துப் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கொடுத்து, தண்ணீர் பிடித்துவரச் சொன்னார். மனுக்காரர் பிடித்து வந்தார். வழியிலேயே பாட்டிலின் மூடி இளகி, கழுத்து சாய்ந்துவிட்டது.

“பாட்டில் சேதமாயிருக்கே” என்றார் அலுவலர்.

“தண்ணிதாங்க சார் அதைச் சேதம் பண்ணுச்சு.”

“அது எப்படிச் சொல்றீங்க? தண்ணியை இன்னும் டெஸ்டே பண்ணலையே. டெஸ்ட் பண்ணணும்னா பாட்டில் நல்லா இருக்கணும்.”

“நீங்களே ஒருதடவை வந்து கிணத்தைப் பாத்துட்டாத் தேவலைங்க.”

“வராம இருப்பேனா? டிரைவர் இருந்தா டீசல் இல்ல. டீசல் இருந்தா டிரைவர் லீவு. ரெண்டும் சேர்ற அன்னிக்கு முதல் வேலை உங்க கிணறுதான்.”

இவ்வளவுக்கும் மனுக்காரர் அந்த ஃபைலைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். காரணம் இருந்தது. ஆலை இரண்டு மடங்காகப் பெருகப் பார்த்தது. அதற்கு இரண்டாவது குழாய் வேண்டும், அது இவருடைய வரப்பை ஒட்டித்தான் வரும். ஒரு புகார் நிலுவையில் இருக்கும்வரை இரண்டாவது குழாய்க்கு அனுமதி கிடையாது என்று எந்த மகராசனோ எந்தக் காலத்திலோ சட்டத்தில் எழுதி வைத்திருந்தான். ஃபைல் ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் குறுக்கே படுத்துக் கிடந்தது. அது எழுந்து போய்விட்டால் மூன்று ஏக்கரும் போய்விடும்.

இந்த நிலைமையில்தான் படக்காரப் பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. ஆலையை எதிர்த்துப் போராடும் ஒரு விவசாயியைப் பற்றிப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னாள். பதினோரு நடிகர்களை வரவழைத்துப் பார்த்தாகிவிட்டது, ஒருவரும் சரிப்படவில்லையாம்.

“மனுவை நீட்டும்போது கை கொஞ்சம் நடுங்கணும் ஐயா. ஆனா கெஞ்சக் கூடாது. அது யாருக்கும் வரமாட்டேங்குது. நீங்களே நடிச்சிருங்களேன்.”

வீட்டுக்காரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “யாரு, இவரா? கல்யாண ஃபோட்டோவுலயே கண்ணை மூடிக்கிட்டு நின்னவரும்மா இவரு.”

ஆனாலும் நடித்தார். நடிப்பு என்று சொல்ல முடியாது. தினமும் செய்வதையே செய்தார், யாரோ அதை விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். அரங்கம் அமைப்பவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இந்தக் கலரைக் காட்டினா ஜனங்க நம்பமாட்டாங்க மேடம். கம்பெனிக்காரனை வேணும்னே கெட்டவனாக் காட்டுறோம்னுவாங்க. லேசா சாம்பல் நிறமா ஆக்கிடலாம்.”

இரண்டு மூட்டைச் சாம்பல் பொடியைக் கொட்டினார்கள். கிணறு அதை விழுங்கிவிட்டு, பத்து நிமிடத்தில் மறுபடியும் ஊதாவாக நின்றது. ஊதாவாகவே படம் பிடித்தார்கள். கன்று கட்டியிருந்த முளைக்குச்சியின் பக்கத்தில் மனுக்காரர் உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்று. அழச் சொல்லவில்லை. அவர் அழுதார். படக்காரப் பெண் “கட்” சொல்லிவிட்டு வேனுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

படம் முடிந்தது. முடிந்த படத்தை ஜனங்கள் பார்க்க வேண்டுமென்றால் முதலில் திரைப்படத் தகுதி வாரியம் பார்க்க வேண்டும். ஜனங்கள் எதையாவது பார்த்துக் கெட்டுப்போய்விடக் கூடாது என்பதற்காக, தாங்கள் முன்கூட்டியே எல்லாவற்றையும் பார்த்துவிடும் தியாகிகள் ஐந்து பேர் கொண்டது அது. முக்கிய வேடம் ஏற்றவரும் நேரில் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. மனுக்காரர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மனுக்களின் நகல் பையையும் எடுத்துக்கொண்டு போனார்.

குளிரூட்டிய அறை. ஐந்து மெத்தை நாற்காலிகள், ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு மணி. ஆட்சேபம் இருந்தால் அடிக்க வேண்டியது. நடுவில் வாரியத் தலைவர். சிறைத்துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், ஆகவே கலையில் நல்ல அனுபவம். அவருக்கு வலப்பக்கம் ஒரு பல் டாக்டர். இடப்பக்கம் நன்னடத்தைச் சங்கத் தலைவி. மற்ற இரண்டு பேரும் விளக்கை அணைத்ததும் தூங்கிவிட்டதால் அவர்களால் படத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

படம் தொடங்கி நாலாவது நிமிடம் பல் டாக்டர் மணி அடித்தார். படத்தை நிறுத்தினார்கள். திரையில் ஆலையின் புகைபோக்கி கரும்புகையைக் கக்கியபடி நின்றது.

“எச்சரிக்கை வாசகம் எங்கம்மா?” என்றார்.

“எதுக்கு சார்?” என்றாள் படக்காரப் பெண்.

“திரையில புகை வந்தா, ‘புகை உடல்நலத்துக்குத் தீங்கு’ன்னு கீழ எழுத்து வரணும். ரூல்.”

“அது சிகரெட்டுக்கு சார். இது ஆலை.”

“புகை வருதா, இல்லையா?”

“வருது.”

“அப்ப யாரோ விடுறாங்க. நாளைக்கு ஒரு சின்னப் பையன் இதைப் பாத்துட்டு, நாமளும் பெருசானா ஆலை ஆகணும்னு நினைச்சான்னா? யாரு பொறுப்பு?”

ஏழு வருடத்தில் ஓர் அரசாங்க நாற்காலியிலிருந்து அந்தப் புகை உடம்புக்கு ஆகாது என்று ஒருவர் சொல்லி மனுக்காரர் கேட்டது அதுதான் முதல்முறை. எழுந்து கும்பிடலாமா என்று பார்த்தார். படக்காரப் பெண் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கன்று சாகும் இடத்தில் நன்னடத்தைச் சங்கத் தலைவி மணி அடித்தார். கண் கலங்கியிருந்தது. “மனசைப் பிசையுதும்மா. குடும்பத்தோட வர்றவங்க பாவம். கன்னுக்குட்டி சாகறதுக்குப் பதிலா, எங்கேயாவது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கிறதா வச்சுக்கக் கூடாதா?”

“கன்னுக்குட்டிக்கு ஏதுங்க சொந்தக்காரங்க?” என்றாள் படக்காரப் பெண்.

“அதையும் நீங்கதானேம்மா யோசிக்கணும். கதை எழுதறவங்க நீங்க.”

‘விஷம்’ என்ற சொல் படத்தில் ஒன்பது இடத்தில் வந்தது. ஒன்பது இடத்திலும் ‘ஏதோ’ என்று மாற்றச் சொன்னார்கள். “கிணத்துல ஏதோ கலக்குறாங்க” என்றால் அதில் ஒரு மர்மம் இருக்கிறது, படத்துக்கும் அது நல்லது என்று தலைவரே விளக்கினார்.

இவ்வளவையும் படக்காரப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டாள். கடைசியில் தலைவர் தொண்டையைச் செருமினார்.

“இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். படம் ஒண்ணு முழுக்க நிஜமா இருக்கணும், இல்ல முழுக்கக் கற்பனையா இருக்கணும். நிஜம்னா, இது நடந்ததுதான்னு சம்பந்தப்பட்ட துறை எழுதிக் கொடுக்கணும். கற்பனைன்னா, ‘இதில் வரும் மனிதர்களும் சம்பவங்களும் இடங்களும் கற்பனையே’ன்னு ஆரம்பத்துல அட்டை போடணும். உங்க படத்துல ஒரு நிஜ ஆள், நிஜமான தன் கிணத்து ஓரம், நிஜமா அழுதிருக்கார்னு வாரியத்துக்குத் தகவல். அப்படின்னா நான் அந்த அட்டையில கையெழுத்துப் போட்டா அது பொய் ஆயிடும். முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ்ல நான் பொய்யில கையெழுத்துப் போட்டதில்ல. முதல்ல கைதி பொய் சொன்னானான்னு பாப்பேன், அப்புறம்தான் போடுவேன்.” மனுக்காரர் பக்கம் திரும்பினார். “பெரியவரே, நீங்க நிஜமா?”

மனுக்காரர் சுற்றிலும் பார்த்தார். தன்னைத்தான் கேட்கிறார்கள். “ஆமாங்க” என்றார்.

“அவசரப்படாதீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

மனுக்காரர் யோசித்துப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து, நாற்பத்து மூன்று நகல்களையும் மேசையில் அடுக்கினார். தலைவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்த மட்டுக்கும், மனுக்களை ஒருவர் கடைசித் தாள் வரைக்கும் புரட்டிப் பார்த்ததே மனுக்காரருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

“இதுக்கெல்லாம் பதில் வந்துதா?”

“இல்லைங்க.”

“ஒண்ணே ஒண்ணுக்கு?”

“இல்லைங்க.”

தலைவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய், நீர்த்தூய்மை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

“விசாரிச்சாச்சு. கெட்டுப்போன கிணறுன்னு அவங்க பதிவேட்டுல ஒண்ணுகூட இல்லையாம். எல்லாம் பரிசீலனையிலதான் இருக்காம். நம்ம அரசாங்கம் எப்படிப்பட்டது? ஜனங்க கண் கலங்கினாத் துடைக்கக் கை நீட்டுற அரசாங்கம். ஒரு மனுஷன் கிணறு கெட்டுப்போச்சுன்னு நாற்பத்து மூணு தடவை எழுதியிருந்தா, ஒரு தடவையாவது பதில் போடாம இருந்திருக்குமா? இருக்காது. பதில் வரல. அதனால கிணறு கெடல. கெடாத கிணத்துக்கு ஒருத்தர் மனு எழுதியிருக்க முடியாது. அதனால மனுவும் இல்ல, எழுதினவரும் இல்ல. பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க, வாரியத்தோட முடிவு என்னன்னா, நீங்க கற்பனை.”

பல் டாக்டர் மேசையைத் தட்டி ஆமோதித்தார். தூங்கிக்கொண்டிருந்த இருவரும் அந்தச் சத்தத்தில் விழித்து, ஒருமனதாகக் கையைத் தூக்கினார்கள்.

“இது அக்கிரமம் சார்!” என்று படக்காரப் பெண் எழுந்துவிட்டாள்.

“அப்படின்னா படத்தைத் தடை பண்ணிடலாம்” என்றார் தலைவர், கோபமே இல்லாமல்.

மனுக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “அட்டையைப் போட்டுக்கோம்மா” என்றார். “படம் வெளிய வந்தாப் போதும். பாக்கிறவங்களுக்குக் கண்ணு இல்லையா என்ன?” பிறகு ஒரு சந்தேகம் வந்து தலைவரிடம் திரும்பினார். “ஐயா, இதனால என் ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“அது வேற ஆபீஸ், இது வேற ஆபீஸ். எங்களுக்கும் அவங்களுக்கும் ஸ்நானப்ராப்தியே கிடையாது” என்றார் தலைவர். இந்த உத்தரவாதத்தை நம்பித்தான் மனுக்காரர் வீட்டுக்கு வந்தார். ஏழு வருடம் அலுவலகங்களோடு மல்லுக்கட்டியவர் செய்யக் கூடாத தப்பு அது.

படம் வெளியானது. ஜனங்கள் விழுந்து விழுந்து பார்த்தார்கள், தேம்பித் தேம்பி அழுதார்கள். ஆலை நிர்வாகம் ஒரு காட்சி முழுவதையும் வாங்கித் தன் தொழிலாளிகளுக்குக் காட்டியது. இடைவேளையில் ஆலை மேலாளர் மேடையேறி, “இப்படிப்பட்ட ஓர் ஆலை உலகத்தில் எங்கும் இல்லை என்பதை வாரியமே உறுதி செய்திருக்கிறது. அந்த ஆறுதலோடு நாம் மீதிப் படத்தையும் பார்ப்போம்” என்றார். மனுக்காரரையும் வரவழைத்து, நினைவுப் பரிசாக இருபது லிட்டர் பெயிண்ட் கொடுத்தார்கள். ஊதா.

முன்வரிசையில் நீர்த்தூய்மை அலுவலர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். கைக்குட்டை நனைந்து, மனைவியின் கைக்குட்டையையும் வாங்கிக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் ஓடிவந்து மனுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மனசே ஆறலைங்க. அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிறானே ஒரு ஆபீசர், அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா சும்மா விடமாட்டேன்!”

“சார், அது நீங்கதான் சார்.”

“அதான் சொல்றேன், என்னா நடிப்பு! அப்படியே என்னையே பாக்கிற மாதிரி இருந்துச்சு!” என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழுதார்.

அடுத்த வாரம் ஆலையின் வக்கீல், வாரியம் கொடுத்த தகுதிச் சான்றிதழின் நகலோடு நீர்த்தூய்மை அலுவலகத்துக்குப் போனார். மனுதாரர் கற்பனை, கிணறு கற்பனை. கற்பனை மனிதர் கொடுத்த புகார் எப்படி நிலுவையில் இருக்க முடியும் என்று கேட்டார். அலுவலகம் மகிழ்ந்துபோனது. மனுவைத் தள்ளுவதற்கு ஒரு காரணம், அதுவும் வேறு அலுவலகம் எழுதி, சொந்தச் செலவில் தட்டச்சும் செய்த காரணம், தானாகத் தேடி வந்திருக்கிறது. ஏழு வருடமாக நகராத பேனா ஒரே மதியத்தில் உத்தரவு எழுதியது. அதை மனுதாரர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் ஃபைல் மூடியாயிற்று.

உத்தரவைக் கொண்டுவந்த பியூன் முற்றத்தில் நிற்க, வீட்டுக்காரி வாசித்தாள். “‘மேற்படி மனுதாரர் கற்பனை என்று வாரியம் தீர்மானித்துள்ளபடியால்...’” இரண்டாவது தடவையும் வாசித்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். “அப்ப இருபத்தாறு வருஷமா நான் யாருக்கு ஆக்கிப் போட்டுக்கிட்டிருக்கேன்?”

மனுக்காரர் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அன்று காலையே லாரியில் வந்த சிமெண்ட் குழாய்களை இறக்கி அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உள்ளே நடந்துபோகிற அகலம்.

“கையெழுத்துப் போடுங்க, நான் போகணும்” என்றார் பியூன்.

“கற்பனை ஆளு எப்படிங்க கையெழுத்துப் போடுவான்?” என்றாள் வீட்டுக்காரி.

பியூன் தலையைச் சொறிந்தார். நியாயமாகத்தான் இருந்தது. திரும்பிப் போய்விட்டார். மறுநாள் ஒரு கிளார்க் வந்தார், அதற்கு மறுநாள் தலைமை கிளார்க். ஏழு வருடமாக எட்டிப் பார்க்காத அலுவலகம், பதவி வரிசைப்படி தோட்டத்துக்கு வந்துபோனது. எல்லாரிடமும் வீட்டுக்காரி அதையே கேட்டாள். எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள்.

நாலாம் நாள் ஜீப்பே வந்தது. டிரைவர் இருந்தார், டீசலும் இருந்தது. அலுவலர் கையில் ஒரு பசை டப்பாவோடு இறங்கினார்.

“கையெழுத்து வேணாங்க” என்றார் சிரித்துக்கொண்டே. “ரூல்ல இன்னொரு வழி இருக்கு. ஆள் வாங்கலைன்னா, புகார்ல சொல்லியிருக்கிற இடத்துல அதிகாரியே உத்தரவை ஒட்டி, முத்திரை வச்சுட்டாப் போதும். கொடுத்ததாத்தான் அர்த்தம். கிணறு எங்க இருக்கு?”

“எந்தக் கிணறுங்க?” என்றாள் வீட்டுக்காரி.

“அதாம்மா, அந்த இல்லாத கிணறு.”

இனி மறைத்து என்ன பயன் என்று மனுக்காரரே முன்னால் நடந்து கிணற்றைக் காட்டினார். அலுவலர் கைப்பிடிச் சுவரில் பசை தடவி, உத்தரவை நீவி ஒட்டினார். சட்டைப் பையிலிருந்து அலுவலகத்தின் வட்ட முத்திரையை எடுத்தார். உருண்டைப் பிடியோடு முழுக்கப் பித்தளை, எலுமிச்சை அளவு இருக்கும். மையில் ஒற்றி, தாளின் மேல் வைக்கக் குனிந்தார். குனிந்ததும், ஏழு வருடமாக ஃபைலில் மட்டும் இருந்த கிணற்றின் நெடி முதன்முதலாக அவர் மூக்கில் ஏறியது.

அடுக்காக மூன்று தும்மல். மூன்றாவது தும்மலில் முத்திரை கைநழுவி, சுவரில் ஒருமுறை பட்டு, உள்ளே போய்விட்டது. ‘டொப்’ என்று ஒரு சத்தம். அப்புறம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம்.

அலுவலரின் முகத்தில் ஈயாடவில்லை. முத்திரையைத் தொலைத்த அதிகாரி என்றால் சாதாரணமா? அது யார் கையிலாவது கிடைத்தால் எந்தத் தாளில் வேண்டுமானாலும் குத்தலாம். வேலை போகும், ஓய்வூதியம் போகும். எதையும் மன்னிக்கும் தலைமை அலுவலகம் இதை மட்டும் மன்னிக்காது.

“இறங்குப்பா!” என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். “சார், எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க இருக்கு” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“நீங்களாவது...” என்று மனுக்காரரைப் பார்த்தார்.

“அவரு எப்படி சார் இறங்குவாரு?” என்றாள் வீட்டுக்காரி. “இல்லாத ஆளு, இல்லாத கிணறு. உங்க முத்திரை விழவே இல்லைங்களே.”

மனுக்காரருக்குத்தான் பாவமாக இருந்தது. புதுக்கயிற்றில் பழைய வாளி ஒன்றைக் கட்டி இறக்கி, நாலு தடவை துழாவிப் பார்த்தார். ஊதாவுக்குள் வாளியே தெரியவில்லை. ஐந்தாம் தடவை கயிறு மட்டும் வந்தது. அதன் நுனியை அலுவலர் கையில் எடுத்துப் பார்த்தார். அது பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டது. அவர் விரலை மனுக்காரரின் துண்டில் அவசர அவசரமாகத் துடைத்தார்.

“இதுலயா... இதை வச்சுக்கிட்டா...” என்றவர் முடிக்கவில்லை.

கிணற்றடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அலுவலர் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதத் தொடங்கினார். நல்ல தண்ணீர்க் கிணற்றில் விழுந்தது என்று எழுதினால், ஏன் இறங்கி எடுக்கவில்லை என்று கேட்பார்கள். கிணறே இல்லை என்று எழுதினால், எதில் விழுந்தது என்று கேட்பார்கள். உண்மையைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது. எழுதினார். மனிதர் இறங்கினால் உயிருக்கு ஆபத்து என்று எழுதினார். நெடியையும், நிறத்தையும், இற்றுப்போன கயிற்றையும் எழுதினார். இது கிணற்றின் இயல்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயத்தில், மேட்டின் மேல் இருக்கும் ஆலையையும், குழாய் எங்கே தொடங்கி எங்கே திறக்கிறது என்பதையும் படம் போட்டு எழுதினார். “கன்னுக்குட்டி ஒண்ணு செத்ததுன்னு சொன்னீங்களே, எந்த வருஷம்?” என்று கேட்டு அதையும் எழுதினார். ஏழு பக்கம் வந்தது. மனுக்காரர் நாற்பத்து மூன்று மனுவிலும் இவ்வளவு நன்றாக எழுதியதில்லை. உயிர் பயத்தில் எழுதுகிறவனின் நடை தனி.

“சாட்சி ஒருத்தர் வேணும்” என்று கடைசிப் பக்கத்தை நீட்டினார். ‘மேற்படி சாட்சியை எனக்கு நேரில் தெரியும், அவர் நம்பத்தக்கவர்’ என்ற வரியின் கீழே அலுவலர் முன்னமே கையெழுத்துப் போட்டிருந்தார்.

“நான் போடலாங்களா சார்? உங்க உத்தரவுல...”

அலுவலர் எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த உத்தரவை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கிழித்துப் போட்டார். “எந்த உத்தரவு? முத்திரை இல்லாத தாளெல்லாம் உத்தரவாங்க? போடுங்க ஐயா, நேரமாகுது.”

மனுக்காரர் போட்டார். கை நடுங்கியது.

தலைமை அலுவலகத்தின் பதில் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கே வந்துவிட்டது. ‘மிக அவசரம்’ என்று சிவப்பில் எழுதி, மூன்று இடத்தில் கோடு போட்டிருந்தது. முத்திரை கிடைக்கும்வரை கிணற்றை நோக்கி வரும் ஆலைக் கழிவு முழுவதையும் நிறுத்த வேண்டும். கிணற்றை இறைத்து, தூர்வாரி, சல்லடை போட்டுத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், சாட்சி திருப்தியடைந்து எழுதிக் கொடுக்கும்வரை மாதம் ஒருமுறை தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை அந்த அலுவலகம் எந்த அனுமதியும் வழங்கக் கூடாது.

மறுநாள் ஆலை மேலாளர் நேரில் நிற்க, குழாயின் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். முகமூடி போட்ட ஆட்கள் வந்து ஊதாவை இறைத்து டாங்கர்களில் ஏற்றி, வேறு இடம் இல்லாததால் ஆலைக்கே திருப்பி அனுப்பினார்கள். அடியில் படிந்திருந்த வண்ணச் சேற்றை இடுப்பளவுக்கு வாரினார்கள். ஒவ்வொரு கூடையையும் அலுவலரே சல்லடையில் போட்டு, முழங்கை வரை பூசிக்கொண்டு தேடினார். முத்திரை கிடைக்கவில்லை. இரண்டாம் மாதமும் இறைத்தார்கள். கிடைக்கவில்லை. வரப்போரம் இருந்த பெரிய குழாய்களை ஆலைக்காரர்கள் ஒரு நாள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாலாம் மாதம் நல்ல மழை. ஒரு காலையில் மனுக்காரர் கிணற்றை எட்டிப் பார்த்தார். தன் முகம் தெரிந்தது. முகத்துக்குக் கீழே படிக்கட்டு தெரிந்தது, அதற்கும் கீழே மணல் தெரிந்தது. கடைசிப் படிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில், சேறு கழுவிப்போய், பித்தளை ஒன்று பளிச்சென்று செருகிக் கிடந்தது. கையை நீட்டி எடுத்துவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்காரி பக்கத்தில் வந்து நின்று, அவர் பார்த்த இடத்தைப் பார்த்தாள். மனுக்காரர் வாழ்க்கையில் பிறத்தியார் பொருளைத் தொட்டவர் இல்லை, பொய் சொல்லிப் பழக்கமும் இல்லை. அவருக்கு வியர்த்தது.

அந்த நேரம் பார்த்து அலுவலரின் ஃபோன் வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குத் தவறாமல் வரும். முத்திரை இல்லாமல் அவருடைய அலுவலகம் நாலு மாதமாகச் சும்மா இருந்தது. குரல் கரகரத்திருந்தது.

“ஐயா, ஏதாவது தெரியுதுங்களா?”

மனுக்காரர் கிணற்றுக்குள் குனிந்து, நிதானமாக ஒருமுறை பார்த்தார்.

“இன்னும் ஒண்ணும் தெரியலைங்க சார். தேடிக்கிட்டேதான் இருக்கோம்” என்றார்.

வீட்டுக்காரி வாளியை இறக்கினாள், கடைசிப் படியில் இடிக்காமல், மெதுவாக. அந்தத் தண்ணீரைக் குடிக்க அவர்களுக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. அவள் அதைக் கொண்டுபோய்த் தக்காளி நாற்றுகளுக்கு ஊற்றினாள்.